சிதைந்தவை அல்ல, திஸ்கியில் இருப்பவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய இணையப் பக்கங்களைத் தேடித் திரட்டும் ஆர்வலர்களைப் பற்றிய கட்டுரை நன்று. 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ தன் இலவச இணையப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியபோது ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்கள் முடிந்தவரை பிரதியெடுத்து வைத்ததைச் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால், அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கங்கள் சிதைந்துபோய்விட்டன என்று ஒரே வரியில் முடித்தது தவறு. பிரதியில் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரியாமல் முழிப்பது இன்றைய உலாவிதான்.

முதலில் எந்தக் குறியாக்கம், அதாவது எந்த எழுத்தை எந்த எண்ணாகச் சேமிக்கும் முறை என்று திரையில் தெரிவதை வைத்துப் பார்க்க வேண்டும். முக்கால் பின்னக் குறி, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, சென்ட் காசுக் குறி, சாய்கோடு போட்ட யு. இந்த நான்கும் அடுத்தடுத்து வந்தால் அது ‘தமிழ்’ என்ற சொல். பைட் எண்கள் 190, 193, 162, 250. பக்கம் திஸ்கியில், அதாவது யூனிகோடு பரவுமுன் தமிழுக்குப் பயன்பட்ட ஒரு குறியாக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று சாதாரண ஆங்கில எழுத்துகளாக வந்தால் அதுவும் ‘தமிழ்’தான், ஆனால் பாமினி என்ற எழுத்துருவில். ஈழத்துத் தளங்களிலும் புலம்பெயர்ந்தோர் தளங்களிலும் இதை நிறையப் பார்க்கலாம். இவை போக, 1999 சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் என்ற இரண்டு குறியாக்கங்களும் உண்டு. (தரப்படுத்துவதற்காக ஒன்றுகூடியவர்கள் எண்ணிக்கையில் இரண்டைக் கூட்டிவிட்டுக் கலைந்தார்கள்.) சந்தேகம் வந்தால் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும்.

அடுத்தது, திரையிலிருந்து நகலெடுத்து ஒட்டவே கூடாது. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். திஸ்கிப் பக்கங்கள் பலவற்றின் தலைப்பகுதியில் எழுத்துவகை ‘எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்’ என்று எழுதியிருக்கும். அதைக் கண்டதும் இன்றைய உலாவி 128க்கு மேற்பட்ட பைட்டுகளை எல்லாம் யூனிகோடின் தனிப்பயன் பகுதிக்குத் தள்ளிவிடுகிறது. நகலெடுத்தால் கிடைப்பது வெறும் கட்டங்கள். பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் எடுப்பதானால் முகவரியில் உள்ள பதினான்கு இலக்கத் தேதி எண்ணை ஒட்டி ஐ, டி என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்துத் திறந்தால், மேலே வரும் பட்டையும் மாற்றிய இணைப்புகளும் இல்லாமல் அசல் கோப்பே இறங்கும். அதை எந்த உரைத் தொகுப்பானிலும் திறக்காமல் அப்படியே சேமியுங்கள்.

திஸ்கியை மாற்றுவது சுலபம். லினக்ஸில் உள்ள ஐகான்வ் கட்டளைக்கே திஸ்கி தெரியும். யூனிகோடின் சேமிப்பு வடிவமான யூடிஎஃப்-8 ஆக மாற்றித் தந்துவிடும். திஸ்கியில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கே என்பதால் முழுக் கோப்பையும் கொடுத்தாலும் பக்கத்தை வடிவமைக்கும் எச்டிஎம்எல் குறிகள் கெடாது. மாற்றிய பிறகு தலைப்பகுதியில் எழுத்துவகையை மட்டும் திருத்த வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் சிறு நிரலை நீங்களே எழுதினால் கொம்பில் இடறுவீர்கள். திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது: ‘கொ’ என்பது 166, 184, 161, அதாவது கொம்பு, க, கால். யூனிகோடில் க முதலில் வரும். இந்த இடமாற்றத்தை விட்டால் கொம்பு முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு இடறல் ‘இ’. தொடக்கத்தில் அதற்குத் தந்த எண் 173. விண்டோஸ் எழுத்துவகையில் அது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. அதனால்தான் சில பக்கங்களில் ‘இந்த’ என்பது தலையில்லாமல் ‘ந்த’ என்று நிற்கிறது. பிறகு 254இல் இடம் கொடுத்தார்கள். அசல் கோப்பில் 173 அழியாமல் இருந்தால் எழுத்து திரும்பக் கிடைக்கும்.

திரையில் தெரிந்த அந்த முக்கால், சென்ட் குறிகளாகவே யாரோ ஏற்கெனவே யூடிஎஃப்-8இல் சேமித்துவிட்டார்களா? முதலில் விண்டோஸின் மேற்கத்திய எழுத்துவகையான விண்டோஸ்-1252க்குத் திருப்பி, பிறகு திஸ்கியிலிருந்து மாற்றுங்கள். அதைப் போன்ற இன்னோர் எழுத்துவகையான லத்தீன்-1க்குத் திருப்பினால் ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் இடறும். அவை 131 முதல் 134 வரை உள்ளவை. லத்தீன்-1இல் அங்கே அச்செழுத்தே கிடையாது.

பாமினி வேறு ரகம். அங்கே தமிழ் உட்கார்ந்திருப்பதே ஆங்கில எழுத்துகளின் இடத்தில். முழுக் கோப்பையும் மாற்றினால் எச்டிஎம்எல் குறிகளும் தமிழாகிவிடும். பாமினி என்று குறித்த எழுத்துருப் பகுதிக்குள் இருக்கும் உரையை மட்டும் பிரித்தெடுத்து மாற்ற வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் தொடக்கூடாது. ‘ஈ’க்கு உரியது திறக்கும் கோணக்குறி, காற்புள்ளிக்கு உரியது மூடும் கோணக்குறி. நோட்பேடில் கையால் எழுதிய பக்கத்தில் ‘ஈழம்’ என்று வந்தால் உலாவி அதை ஒரு குறியின் தொடக்கம் என்று எண்ணி அடுத்த காற்புள்ளி வரை விழுங்கிவிடும். வாக்கியம் நடுவில் அறுந்திருந்தால் மூலநிரலைப் பாருங்கள், விழுங்கியது அங்கே இருக்கும்.

மாற்றி முடித்ததும் ‘கெள’ என்று தேடிப் பாருங்கள். ஔகார நீட்டத்துக்குத் திஸ்கியில் 170 என்று தனி இடம் இருந்தும் பலர் ‘ள’வையே தட்டியிருப்பார்கள். ‘கெளதமன்’ தானாகத் திருந்த மாட்டார். ‘கெளுத்தி’யையும் சேர்த்துக் கெடுத்துவிடாமல் கையால்தான் திருத்த வேண்டும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பலவும் ஒரு காலத்தில் திஸ்கியில் வந்தவைதாம். அவற்றை இன்று யூனிகோடில் படிக்கிறோம். அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டால், பழைய சிடியில் குறிகளைக் கண்டு தூக்கி எறியப் போகும் வாசகர் சிலராவது நிறுத்துவார்கள்.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்