நம் கல்லூரி மைதானங்களையும் எட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைத்தான் நான் முதலில் திருப்புவேன். லிவர்பூலும் மான்செஸ்டரும் இல்லாத வாரம் கிடையாது. சரி, வரட்டும், அதற்கும் எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது. ஆனால் நம் தென்னாப்பிரிக்காவின் பல்கலைக்கழகக் கால்பந்து அணிகளில் ஆடும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நம் நாட்டுப் பெண்கள் அணிக்காக ஆடிய தெம்பி கட்லானாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ராண்ட்ஃபோன்டைன் பக்கம் மொஹ்லாகெங்கில் பையன்களோடு பந்து விளையாடி வளர்ந்த பெண். கேப் டவுனில் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அந்த அணிக்காக ஆடினார். அங்கிருந்துதான் 2018இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் டாஷ் அணி அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அதே ஆண்டு கானாவில் நடந்த பெண்கள் ஆப்பிரிக்கக் கோப்பையில் 5 கோல் அடித்து, ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருதையும் வாங்கினார். அப்புறம் பெய்ஜிங், லிஸ்பன், மாட்ரிட், மெக்சிகோ என்று போய்க்கொண்டே இருந்தார். 2022இல் மொராக்கோவில் நடந்த அதே கோப்பையில் குதிகால் தசைநார் அறுந்து, நம் அணி கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் அவரால் ஆட முடியாமல் போனது. அந்தக் காலோடுதான் மீண்டு வந்து 2023 உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராக 90 நிமிடம் தாண்டிய பிறகு கோல் போட்டார். அப்போது குடும்பத்தில் அடுத்தடுத்து மூன்று சாவு வேறு. 3-2 என்று ஜெயித்தோம். நம் ஆண்கள் அணி 1998, 2002, 2010 என்று மூன்று உலகக் கோப்பைகளுக்குப் போயும் தாண்டாத முதல் சுற்றைப் பெண்கள் தாண்டினார்கள். அன்று நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவரை வளர்த்த பல்கலைக்கழகம் எப்படிப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கலர்ட் என்று அரசு பெயரிட்ட கலப்பின மக்களைத் தனியே ஒதுக்கிவைக்க நிறவெறி அரசு 1960இல் திறந்த இடம் அது. அடுத்த வருடம் நம் இந்தியப் பிள்ளைகளை டர்பன் துறைமுகத்தில் சால்ஸ்பரி தீவில் இருந்த தனிக் கல்லூரிக்குப் படகில் போய்ப் படிக்கச் சொன்ன அதே அரசுதான்.

இதையெல்லாம் எழுதக் காரணம் எங்கள் தமிழ் வகுப்புக்கு வரும் ஒரு பெண். பந்து காலில் வந்துவிட்டால் அவளை யாராலும் பிடிக்க முடியாது. இந்த ஆண்டு அவளுக்கு மெட்ரிக், அதாவது பள்ளி இறுதிப் பரீட்சை, பந்தை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடு என்கிறார்கள் வீட்டில். அவர்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதே உலகக் கோப்பைக்குப் புறப்படும் முன் தேசிய அணிப் பெண்களே சம்பளத்துக்காகவும் மோசமான மைதானத்துக்காகவும் போட்ஸ்வானாவோடு ஆட மறுக்க வேண்டி வந்தது. பந்தை மட்டும் நம்பி ஒரு பெண் வாழலாம் என்று எந்த அம்மாவுக்கு இப்போது தைரியமாகச் சொல்வது? அதனால்தான் கல்லூரி அணி என்கிறேன். அங்கே பயிற்சியாளர் இருக்கிறார், போட்டிகள் இருக்கின்றன, கால் உடைந்தாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும். படிப்பா பந்தா என்று வீட்டில் சண்டை போடவே தேவையில்லை, ஆனால் இப்படி ஒரு வழி இருப்பது நம் வீடுகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நாம் பந்து தெரியாத சனமும் இல்லை. இங்குள்ள இந்தியர்களின் சாம் சைனா கால்பந்துக் கோப்பை 1903இல் தொடங்கியது. 1928இல் தொடங்கிய நம் டர்பன் அணி மானிங் ரேஞ்சர்ஸ்தான் 1996-97இல் நாட்டின் பிரீமியர் சாக்கர் லீகின் முதல் சாம்பியன். அந்த வீடுகளின் பெண் பிள்ளைகளுக்குக் கால் இல்லையா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, ஐயா. வாரம் ஒரு கால் பக்கம் போதும். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் ஆண்கள், பெண்கள் அணிகள் எப்போது ஆடுகின்றன, யார் ஜெயித்தார்கள் என்று போடுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் விளையாட்டுக்கு உதவித்தொகை தருகிறது, கடைசித் தேதி எது என்பதை மெட்ரிக் பரீட்சைக்கு முன்பே போடுங்கள், பரீட்சை முடிந்தபின் போட்டுப் பயனில்லை. வெட்டி எடுத்து அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்