தத்தெடுத்த நாய் ஹாலில் உச்சா போகிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"வளர்ந்த நாயைத் தத்தெடுத்தோம். ஒரு மணி நேரம் வெளியே நடந்தாலும் போவதில்லை, வீட்டுக்குள் வந்ததும் ஹாலில் போய்விடுகிறது. ஏதாவது ஸ்பிரே இருக்கிறதா?" கடையில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஸ்பிரே இருக்கிறது. வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எந்தத் தரையில் போய்ப் பழகியதோ, நாய் அந்தத் தரையைத்தான் தேடும். காப்பகத்தில் சிமென்ட் கூண்டிலேயே வருஷக்கணக்கில் இருந்த நாய்க்கு உங்கள் டைல்ஸ்தான் கழிப்பறை. மண்ணும் புல்லும் புதுசு. எங்கள் கடை ராணியும் அப்படி வந்தவள்தான். அவள் உச்சா போன செய்தித்தாளை வேப்பமரத்தடியில் ஒரு செங்கல்லுக்கு அடியில் வைத்தோம். இரண்டு நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை மோந்து பார்த்தாள், சுற்றினாள், உட்கார்ந்தாள்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில், படுக்கும் முன் என்று கயிற்றில் பிடித்து ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். போய் முடித்த அந்த நொடியே, அங்கேயே, வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. வீட்டுக்கு வந்து கொடுத்தால், வாசல் தாண்டியதற்குக் கிடைத்த பரிசு என்றுதான் அது நினைக்கும். அப்புறம், போனதும் உடனே வீட்டுக்குத் திருப்பாதீர்கள். உலா முடிந்துவிடும் என்று தெரிந்தால் அடக்கிக்கொள்ளும், அவ்வளவு விவரம். முதல் இரண்டு வாரம் வீடு முழுக்கச் சுற்ற விடாமல் உங்கள் கண்பார்வையிலேயே வைத்திருங்கள்.

உள்ளே போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது எல்லாம் வேண்டாம். அடுத்த தடவை சோபாவுக்குப் பின்னால் போகும், அவ்வளவுதான்.

பினாயிலை நிறுத்துங்கள். அந்த வாடை நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாய்க்கு அடியில் இருக்கும் பழைய வாடை தெரியும். போதாததற்கு, மிதித்த பாதத்தை நக்கினால் உடம்புக்கும் ஆகாது. ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, சிறுநீர் வாடையை அடியோடு சிதைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். ஸ்பிரே என்று நீங்கள் கேட்பதில் உருப்படியானது இது ஒன்றுதான்.

வீட்டு ஐயா வந்து குனிந்து தடவும்போது மட்டும் பம்மிச் சொட்டு விடுகிறதா? அது பயம். திட்டினால் கூடும். கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்காருங்கள், அதுவாக வரட்டும்.

ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று அடிக்கடி போனாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, தண்ணீர் அளவுக்கு மீறிக் குடித்தாலோ, எங்களிடம் வராதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போங்கள். குடிக்கிற தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது.

டிரெயினிங் பேட் (நாய் வீட்டுக்குள் உச்சா போக விரிக்கும் உறிஞ்சு விரிப்பு) பற்றி: வெளியே போய்ப் பழக வேண்டிய நாய்க்கு, உள்ளேயும் போகலாம் என்று அது சொல்லிக் கொடுத்துவிடும். பிரிக்காத பாக்கெட் இருந்தால் பில்லோடு கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்