மனமே நாடகமும் நம்ம மத்தளமும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகனுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். இங்கே மழை பிழைத்துப்போனதால் இந்தப் போகம் வேளாண்மை அவ்வளவு சரியில்லை, மற்றபடி சுகம்.

இத்தனை நடந்த பிறகு சிங்களவரும் நாங்களும் உட்கார்ந்து பேச இனி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். பேச இருக்கிறதோ என்னவோ, சேர்ந்திருந்து கேட்கக் கதை இருக்கிறது மச்சான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1956ஐ எடுத்துக்கொள். ஜூனில், சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற 'சிங்களம் மட்டும்' சட்டம் நிறைவேறியது. அதே வருஷம் நவம்பரில் கொழும்பில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. சிங்கள நாடகத்துக்கே மறுபிறப்பு என்று அவர்கள் இன்றைக்கும் கொண்டாடுகிற அந்த நாடகம் எழுந்தது ஒரு பழைய கூத்து மரபின் மேல், அந்த மரபு தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்திலிருந்து கரையோரச் சிங்கள ஊர்களுக்குப் போய் வேரூன்றியது. மத்தளமும், பாத்திரங்கள் மேடைக்கு வரும்போது பாடுகிற வரவுப்பாட்டும் கேட்டவுடனே நமக்குப் பிடிபட்டுவிடும். மொழிக்குச் சட்டம் போட்ட அந்த வருஷத்திலும் மத்தளத்தை யாரும் மேடையை விட்டு இறக்கவில்லை.

கதை, புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்கிற சாதகக் கதைகளில் ஒன்றுதான். காட்டுவழியில் இளவரசனையும் மனைவியையும் வேடர் தலைவன் மறிக்கிறான், சண்டையில் இளவரசன் வாளைக் கேட்கிற நேரத்தில் அவள் தயங்க, வாள் வேடன் கைக்குப் போய்விடுகிறது. சாதகத்தில் அவள் துரோகி, அவ்வளவுதான். சரச்சந்திர அவளை அப்படித் தள்ளிவிடாமல், தனியாளாக நின்று நேர்மையாகப் பொருதிய வேடனுக்காக இரங்குகிற பெண்ணாக்கி, பிழை யாருடையது என்பதைப் பார்க்கிறவர்களிடமே விட்டுவிட்டார். எதிரிக்காக இரங்கலாமா என்ற கேள்வியை, இந்த நாட்டில், அந்த வருஷத்தில் மேடைக்குக் கொண்டுவந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் அழகு. சரச்சந்திர இருந்த அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த நம்முடைய பேராசிரியர் வித்தியானந்தன், சிங்கள நாடகத்தில் நடந்ததைப் பார்த்து, நம் கூத்துக்கும் இப்படிச் செய்யவேண்டும் என்று இறங்கினார். 1960களில் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களுக்குப் பழக்கி, விடிய விடிய வட்டக்களரியில், சுற்றிவர சனம் இருக்க, ஆடுகிறதை மேடைக்குச் சுருக்கி, கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் போட்டார். இராவணனாக ஆடியவர் நம் மௌனகுரு சேர். தமிழரிடமிருந்து போன கூத்து அவர்கள் வழியாக நமக்கே ஊக்கமாகத் திரும்பியது, இதைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

இந்த முறை நம் ஊர் அரங்கேற்றம் அபிமன்யு வதைபட்ட கதை. மகளோடு படிக்கிற குருநாகல் சிங்களப் பிள்ளை ஒன்று தாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. தாய்க்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த நம் கனகம்மா மாமி கையாலேயே கதை சொல்லிக்கொண்டிருந்தா: வயதைக் காட்ட உயரத்தைக் காட்டி, வியூகத்துக்கு விரலால் மண்ணில் சுழி கீறி. சுபத்திரை புலம்பத் தொடங்கியதும் அந்தத் தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டா. அவவின் தம்பி இராணுவத்தில் இருந்து செத்தவனாம், விடிந்த பிறகு தேத்தண்ணீர் குடிக்கும்போது மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். மாமியின் இரண்டாவது மகன் போனது உனக்குத் தெரியும்தானே. மாமி ஒன்றும் சொல்லவில்லை, அந்தத் தாய்க்கு இன்னொரு பணியாரம் எடுத்து வைத்தா.

நல்லிணக்கம் என்று பதாகை கட்டி, எல்லோரும் ஒன்று என்று வசனம் பேசுகிற நாடகங்களும் இங்கே வந்து போயின. அதில் அழுதவர்களை நான் காணவில்லை. யாரையும் திருத்த வராத கதைக்குத்தான் சனம் மனம் திறக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சரி, ஒரு வேலை இருக்கிறது. உன் அப்பா கையால் எழுதிய பழைய கூத்துக் கொப்பி அங்கே உன்னிடம்தானே இருக்கிறது? பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. சுபத்திரை புலம்பலில் நடுவில் சில பாட்டுகள் இங்கே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, அடுத்த வருஷத்துக்கு முன் சேர்க்கவேண்டும் என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன் மச்சான்