அண்ணி, நீங்கள் ரொம்ப வேகமாக ஓடுகிறீர்கள்

அன்புள்ள அண்ணி,

"எனக்கும் ஓட்டத்துக்கும் ராசியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். மிச்சக் கதையை அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மதுரைத் தெப்பக்குளத்தில் மாரியம்மன் கோவில் பக்கமிருந்து ஒரே ஓட்டமாகக் கிளம்பி, ஒரு பக்கக் கரையைத் தாண்டுவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டீர்களாம். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லையாம். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்ததில் கணுக்காலுக்கு மேலே முன்பக்க எலும்பு ஓரமாக வலி வேறு. இத்தனையையும் கூட்டிக் கழித்து, நாற்பத்து நாலு வயதில் இதெல்லாம் நமக்கு எதற்கு என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பேர் போடாமல் எழுதிக்கொள் என்று நீங்களே சொன்னதால், எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். உங்கள் நிலைமையில் இருப்பவர்கள் நிறையப் பேர்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். நீங்கள் ஓடிய வேகம் மிக அதிகம். நமக்குத் தெரிந்த ஓட்டம் இரண்டே இரண்டுதான்: பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நூறு மீட்டர், அப்புறம் கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துவது. இரண்டும் அரை நிமிஷத்தில் முடிகிற காரியம். அந்த வேகத்தில் தசைகள் கேட்கிற ஆக்சிஜனை இதயத்தாலும் நுரையீரலாலும் கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால்தான் மூச்சு முட்டுகிறது. பயிற்சியில்லாத யார் அப்படி ஓடினாலும் இரண்டு நிமிஷத்தில் நின்றுதான் ஆக வேண்டும். இதில் உங்கள் வயதுக்கோ எடைக்கோ பெரிய பங்கு கிடையாது.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கைக்கடிகாரம், செயலி எதுவும் வேண்டாம். ஓடிக்கொண்டே, "அரிசி ஊறப் போட்டாச்சு, சாயங்காலம் வந்து மாவாட்டிக்கலாம்" என்று நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சரி. இரண்டிரண்டு வார்த்தையாகத்தான் வருகிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஆரம்பத்தில் இந்த வேகம் வேக நடைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் இருக்கும். குல்லா போட்டுக்கொண்டு வாக்கிங் வருகிற தாத்தா உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும். இப்படி ஓடினாலே இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தத்தின் அளவு கூடும், தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும். உடம்பு மாறுவதற்கு மூச்சுத் திணறி ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொன்று, நடுவில் நடக்கலாம். நடந்தால் தோற்றுப்போன மாதிரி என்று நினைக்கிறீர்கள், அண்ணனிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறீர்கள். 1996-ல் அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர் ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவை ஓட வைப்பதற்காக ஒன்பது வாரத் திட்டம் ஒன்றைப் போட்டார். 'கவுச் டு ஃபைவ் கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) என்று இன்றைக்கு உலகம் முழுக்க ஓடத் தெரியாதவர்கள் பிடித்துக்கொள்வது அதைத்தான். வாரத்துக்கு மூன்று நாள். ஐந்து நிமிஷம் வேக நடை, அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மறுபடி ஓட்டம், மறுபடி நடை என்று மொத்தம் 20 நிமிஷம். முதல் வாரத்துக்கு இவ்வளவுதான். பாருங்கள், ஓட்டத்தைவிட நடைதான் அதிகம். வாரம் போகப் போக ஓட்டம் நீண்டு, கடைசியில் நிற்காமல் 30 நிமிஷம் ஓட வைத்துவிடும்.

அதில் எனக்குப் பிடிக்காத ஒரு இடம் உண்டு. ஐந்தாம் வாரம் இரண்டாம் நாள் எட்டு நிமிஷம் ஓடி, ஐந்து நிமிஷம் நடந்து, மறுபடி எட்டு நிமிஷம் ஓடச் சொல்வார்கள். மூன்றாம் நாள் திடீரென்று இருபது நிமிஷம் நிற்காமல் ஓடு என்பார்கள். நிறையப் பேர் கழன்றுகொள்வது அங்கேதான். அந்த நாள் வரும்போது பயமாக இருந்தால் நாலாம் வாரத்தையே இன்னொரு தடவை ஓடுங்கள். ஒன்பது வாரம் பதினைந்து வாரமானால் யாரும் கேட்கப்போவதில்லை. தெப்பக்குளம் ஒரு சுற்று ஒன்றேகால் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். அப்படிப் பார்த்தால் 5 கிலோமீட்டர் என்பது நாலு சுற்று. அந்தக் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிட்டு நிமிஷத்தை மட்டும் பாருங்கள். தூரத்தைக் கணக்கு வைத்தால் தன்னால் வேகம் ஏறிவிடும்.

இப்போது கால் எலும்பு வலிக்கு வருவோம். ஓட ஆரம்பித்தால் இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே தெம்பாகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு கட்டும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் தயாராகாது, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் "இன்னிக்கு நல்லாத்தானே இருக்கு, இன்னொரு சுற்று போவோம்" என்று தோன்றுகிற நாளில்தான் அடி விழும். ஓடின நாளுக்கு மறுநாள் ஓய்வு என்று வைத்திருப்பது சோம்பேறிகளுக்கான சலுகை கிடையாது. அந்த நாளில்தான் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

உங்கள் வலி முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தில் நீளவாக்கில் பரவலாக இருந்தால், புதிதாக ஓடுகிற பலருக்கு வருகிற வலிதான் என்று நினைக்கிறேன். ஒன்றிரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, வலிக்காத அளவுக்கு நடங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தால் இதமாக இருக்கும். திரும்ப ஆரம்பிக்கும்போது விட்ட இடத்துக்குப் போகாமல் முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள். விரல் நுனி வைத்தால் ஒரே புள்ளியில் சுரீர் என்கிறது, படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம், எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். "ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்க" என்று மறுநாளே ஓடப் போய்விடாதீர்கள்.

படி இறங்க முடியாத வலி வேறு சங்கதி. பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்ததால் வருவது, இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். விலாப் பிடிப்புக்கு வேகத்தைக் குறைத்து, மூச்சை நிதானமாக முழுசாக வெளியே விட்டால் போதும். வயிறு நிறைய எதையும் குடித்துவிட்டு ஓடாதீர்கள்.

ஆனால் அண்ணி, உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையான சந்தேகம் வேறொன்று. நிதானமாக ஓடியும் மூச்சு வாங்கினால், காரணம் ரத்தத்தில் இருக்கலாம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு போகிற ஹீமோகுளோபினே குறைவாக இருந்தால், என்னதான் பயிற்சி செய்தாலும் கால் இரும்பாகக் கனக்கும், நெஞ்சு படபடக்கும். உங்களுக்கு ஒரு வருஷமாக மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். மாவு அரைக்கும்போதுகூட உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னீர்கள். அதை வயசு என்று தள்ளிவிட்டோம்.

பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. முடிந்தால் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள், அது உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பைச் சொல்லும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாக இருப்பது உண்டு. மாத்திரை தேவையா, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார். நீங்களாகச் செய்யக்கூடியது, டிபன் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்துவது. டீ, சாப்பாட்டிலிருக்கும் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மாதவிலக்குக்கும் மகப்பேறு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

அப்புறம் அம்மா சொன்னது. "பொம்பளைப் பிள்ளை குதிச்சுக் குதிச்சு ஓடினா கர்ப்பப்பை இறங்கிரும்." அது என் அம்மா, உங்கள் மாமியார். எனக்கும் சொல்லியிருக்கிறார், எனக்கு எதிர்த்துப் பேச முடியும், உங்களால் முடியாது. அம்மா மட்டும் இதைச் சொல்லவில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் பெண்கள் களைத்துச் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. அதோடு அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள், திரும்ப வந்தது 1960 ரோமில்தான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல், நம் அம்மாவுக்குக் கல்யாணமாகி நீங்கள் சின்னக் குழந்தையாக இருந்த சமயம். கோட்டு சூட்டு போட்ட அதிகாரிகளே அப்படி நினைத்தபோது அம்மாவைக் குறை சொல்லி என்ன?

ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பது உண்மையில்லை. ஆனால் இரண்டு சுகப்பிரசவத்துக்கு அப்புறம் இடுப்படித் தசைகள் தளர்ந்திருப்பது உண்மை. ஓடும்போது இரண்டு சொட்டு சிறுநீர் கசிந்தால் அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஓட்டத்தையே விட்டுவிடுகிற பெண்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் அப்படி இருந்தால் வெட்கப்பட வேண்டாம். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசைகளை இறுக்கி, சில விநாடி பிடித்து, விட வேண்டும். பத்துப் பதினைந்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கெகல் பயிற்சி என்பார்கள். உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. மாற்றம் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம், அதுவரை நாப்கின் வைத்துக்கொண்டு ஓடுங்கள். கீழே ஏதோ கனமாக, துருத்திக்கொண்டு வருகிற மாதிரி இருந்தால் மட்டும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

துணிமணி பற்றி ஒரே வார்த்தை: முதல் செலவு ஷூவுக்கும், மார்பை ஆடாமல் பிடித்துக்கொள்கிற ஸ்போர்ட்ஸ் பிராவுக்கும். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். விலை உயர்ந்ததுதான் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு, காலுக்குச் சுகமாக இருப்பதை எடுங்கள். மற்றபடி வீட்டிலிருக்கிற சுடிதாரும் கால்சட்டையும் போதும். துப்பட்டாவை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள். பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள், நாலு நாளில் அவர்களுக்கே அலுத்துவிடும்.

உண்மையான பிரச்சினை காலை நேரம்தான். மதுரை வெயிலுக்கு ஐந்தரைக்குள் கிளம்பினால்தான் உண்டு. அந்த நேரத்தில் பால் காய்ச்ச, டிபன் செய்ய, டப்பா கட்ட என்று நீங்கள் அடுப்படியில் நிற்கிறீர்கள். மனதில் உறுதி வேண்டும் என்று எழுதுகிறவர்கள் யாரும் இதை எழுதுவதில்லை. வாரத்துக்கு மூன்று நாள், முக்கால் மணி நேரம். அந்த மூன்று நாளும் டிபன் அண்ணன் பொறுப்பு. அண்ணனுக்குத் தோசை சுடத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பது வேறு. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஊருக்குப் போனபோதெல்லாம் எனக்குச் சுட்டுக் கொடுத்தவர் அவர்தான். இந்தக் கடிதத்தை அவரும் படிப்பார் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உங்கள் பிரஷர் எல்லைக்கோட்டில் இருப்பதால், மறுபடி தொடங்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். ஓடும்போது சர்க்கரை இறங்கிவிடலாம், பையில் மிட்டாய் இருப்பது நல்லது. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், இடது கையிலோ தாடையிலோ வலி என்று வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கால் வலி நின்ற பிறகு எந்தக் கிழமையிலிருந்து என்பதைப் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

பி.கு.: நாய்களை மறந்துவிட்டேன். துரத்தினால் ஓடாதீர்கள், ஓடினால் இன்னும் துரத்தும். நின்று, கண்ணைப் பார்க்காமல், மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.