அந்தப் படிவத்தை நிரப்பு, கண்ணம்மா

செம்பூர், மும்பை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனதிலேயே இருக்கிறது. கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் தரும் உதவித்தொகையான ஜூனியர் பெல்லோஷிப்புக்கு விண்ணப்பம் போடச் சொன்னேன். "அரசாங்கக் காசை வாங்கிப் படம் போட எனக்குப் பிடிக்கலப்பா. சோழமண்டலத்துல யார்கிட்டயும் கை நீட்டாமத்தானே ஒரு கிராமத்தையே கட்டினாங்க" என்றாய். உனக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரம், நானும் அப்போது விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சோழமண்டலத்திலிருந்தே தொடங்குகிறேன். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சென்னைக்குத் தெற்கே கடலோரம் அந்தக் கிராமத்தை அமைத்தார்கள். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுப் பணம் சேர்த்தார்கள். அதை நினைத்தால் எனக்கும் பெருமைதான். ஆனால் பணிக்கர் அப்போது யார்? சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வர். கூட வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே படித்தவர்கள். அவருடைய சம்பளம், மாணவர்கள் கை பழகிய பட்டறை, அவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்த வகுப்பறை எல்லாமே பொதுப்பணத்தில் நடந்தவை. பாத்திக் விற்ற காசு நிலம் வாங்கியது உண்மை. அந்தக் கைகளைப் பழக்கியது அரசுக் கல்லூரி. நீயும் அப்படித்தான். நீ படித்த மும்பை ஜே.ஜே. ஓவியக் கல்லூரி மகாராஷ்டிர அரசுடையது, நீ முதுகலை படித்த பரோடா ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். நாங்கள் கட்டிய பீஸ் எவ்வளவு என்பது எனக்கு நினைவிருக்கிறது. உன் படிப்புக்கு ஆன உண்மையான செலவில் அது சிறு பகுதிதான். மிச்சத்தை யார் யாரோ கொடுத்தார்கள். அதில் உனக்குக் கூச்சம் இருந்ததில்லை, இருக்கவும் வேண்டாம். பிறகு இதில் மட்டும் ஏன்?

என் வேலைக்காலம் முழுவதும் கொலாபாவில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப் பிரிவில் கழிந்தது உனக்குத் தெரியும். நிலையத்தின் வரவு செலவில் 1 சதவீதத்தைக் கலைக்காகச் செலவிட, நிலையத்தை நிறுவிய ஹோமி பாபா நேருவிடம் அனுமதி வாங்கியிருந்தார். அணுவையும் கணிதத்தையும் ஆராய்வதற்கான பணத்திலிருந்து, அதுவும் நாடு அவ்வளவு ஏழையாக இருந்த நாளில். முகப்புக் கூடத்துச் சுவரை நிறைத்துக்கொண்டு எம்.எஃப். ஹுசேனின் பெரிய ஓவியம் இருக்கிறது. உள்ளே தாழ்வாரங்களில் ஆரா, கெய்தொண்டே போன்ற ஓவியர்களின் படங்கள். சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர் ஹுசேன். அவர்கள் பெயருக்குக் கோடிகள் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தப் படங்கள் வாங்கப்பட்டன. செம்பூரில் ஹார்பர் ரயிலைப் பிடித்து, வி.டி. ஸ்டேஷனில் பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைவேன். விஞ்ஞானிக்கும் எனக்கும் கேன்டீன் பையனுக்கும் அதே படம்தான். ஓவியத்தை நின்று பார்க்க நான் பழகியது அந்தத் தாழ்வாரங்களில். உன்னை ஜே.ஜே.யில் சேர்க்கும்போது சொந்தக்காரர்கள் எல்லாரும் தடுத்தார்கள், நான் தயங்கவில்லை. அந்த 1 சதவீதத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, பணம் கொடுத்தாலே கலை வளர்ந்துவிடுமா என்று நீ கேட்பாய். வளராது. எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைப் பற்றி இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நெதர்லாந்தில் 1949 முதல் 1987 வரை ஒரு திட்டம் நடந்தது. வருமானம் போதாத ஓவியர்களிடம் அரசு படைப்புகளை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தது. எண்ணம் நல்லது. ஆனால் வாங்கிய படங்கள் கிடங்குகளில் குவிந்தன. மாட்டுவதற்குச் சுவர் இல்லை, பார்ப்பதற்கு ஆளும் இல்லை. ஹான்ஸ் அபிங் என்று ஒருவர் இருக்கிறார், ஓவியரும் பொருளாதார அறிஞரும். உதவித்தொகை கூடக் கூட இன்னும் பலர் கலைக்கு வருகிறார்கள், ஆகையால் தலைக்குக் கிடைப்பது உயர்வதே இல்லை என்பது அவர் வாதம். அதை முழுதும் தள்ள முடியாது. ஆனால் பலர் வருவதை ஒரு நஷ்டமாகவே எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அயர்லாந்தில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். 2022-இல் தொடங்கி 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ, மூன்று வருஷம். படம் கேட்கவில்லை, பரிந்துரைக் கடிதமும் கேட்கவில்லை. தகுதி பார்த்தார்கள், அப்புறம் குலுக்கல்தான். பணம் கிடைக்காத 1,000 பேரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொடர்ந்து விசாரித்தார்கள். ஒரு மருந்தைச் சோதிக்கும் ஒழுங்கோடு கலைக்கான பணத்தைச் சோதித்திருக்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடித்தது. பணம் கிடைத்தவர்கள் கலைக்குக் கொடுத்த நேரம் கூடியது. கவலையும் மனச்சோர்வும் குறைந்தன. போட்ட ஒவ்வொரு யூரோவுக்கும் சமூகத்துக்கு 1.39 யூரோ பயன் திரும்பியதாகக் கணக்கு. திட்டத்தை நிலையாகத் தொடர முடிவு செய்துவிட்டார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்தாயா? முதலாவதில் அரசு பொருளை வாங்கியது. இரண்டாவதில் கலைஞரின் நேரத்துக்குப் பணம் கொடுத்தது. உனக்கு இப்போது இல்லாததும் நேரம்தான். காலையில் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்குப் பாக்கெட் டிசைன் வேலையிலிருந்து திரும்புகிறாய். அதற்கப்புறம் உன் எட்சிங் வேலைக்கு உலோகத் தகட்டைத் தேய்த்து, அமிலத்தில் போட்டு, மை பூசி ஒரு பிரதி எடுக்க எந்த உடம்பில் தெம்பு இருக்கும்? கடைசியாக எப்போது ஒரு தகட்டின் பிரதிகளை முழுப் பதிப்பாக எடுத்தாய் என்று அம்மா கேட்டதற்கு நீ பேச்சை மாற்றினாய். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

கெய்தொண்டேயையே எடுத்துக்கொள். ஜே.ஜே.யில் படித்தவர். 1964-இல் ராக்பெல்லர் என்ற அமெரிக்க அறக்கட்டளையின் நிதியுதவியோடு நியூயார்க் போனார். அடுத்தவர் காசில் போனவர் என்று அவரை யாரும் இகழவில்லை.

இனி நம்முடைய பெல்லோஷிப். ஜூனியருக்கு வயது 25 முதல் 40 வரை, மாதம் 10,000 ரூபாய், இரண்டு வருஷம். சீனியருக்கு 20,000. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை எல்லாம் உண்டு. பணம் அரையாண்டுத் தவணையாக வரும், இடையில் அறிக்கை கொடுக்க வேண்டும். தொகை குறைவு, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பரோடாவில் உன் வாடகைக்கும் ஜிங்க் தகட்டுக்கும் சரியாகிவிடும். மாதச் செலவு உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பணம் என்பது கணக்குக்கு எளிது, வயிற்றுக்கு எளிது இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனாலும் 10,000 ரூபாய் உன் வாரத்தில் இரண்டு நாளை மீட்டுக் கொடுக்கும். வேலையை விடச் சொல்லவில்லை. நாளைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று உன் மேலாளரிடம் கேள். குறைகிற சம்பளத்துக்கு நான் இருக்கிறேன்.

அந்தப் பெல்லோஷிப் ஆராய்ச்சியாக ஒன்றைக் கேட்கிறது. சும்மா "படம் போடுவேன்" என்று எழுதினால் நிற்காது. தாராவி குயவர்களைப் பற்றி நீ எடுத்த குறிப்புகள் இருக்கின்றன அல்லவா, மண்ணின் பதத்தை எட்சிங்கில் கொண்டுவருவது பற்றி? அது நல்ல திட்டம். அந்தக் குயவர்கள் வாழும் கும்பார்வாடாவில் உனக்குப் பேச்சும் ஓடும், வீட்டுக்கும் வரலாம்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை நம்ப வேண்டாம். 2013-இன் கம்பெனிச் சட்டம் பாரம்பரியக் கலைக்கும் கைவினைக்கும்தான் தெளிவாக இடம் கொடுக்கிறது. உன் மாதிரிப் புது வேலை செய்பவர்கள் அதற்குள் நுழைவது கஷ்டம். மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் பட்டறைகளைப் பார். சென்னை கிரீம்ஸ் சாலையிலும் டெல்லி கர்ஹியிலும் அச்சு இயந்திரத்தோடு இடம் தருகிறார்கள். சொந்தமாக ஒரு பிரஸ் வாங்க நம்மால் முடியாது. ஒரே பிரஸ்ஸைப் பலர் பகிர்ந்துகொள்வதற்குக் கொடுக்கும் பணம்தான், என் கணக்கில், அரசு கலைக்குச் செய்யும் செலவுகளிலேயே சிறந்தது.

இன்னொன்று. பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1994 திருத்தத்தில் வந்தது. நீ விற்ற ஓவியமோ கோட்டோவியமோ பிற்பாடு 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி கைமாறினால் அதில் உனக்கு, உனக்குப் பின் உன் வாரிசுக்கு, 10 சதவீதத்துக்கு மிகாமல் பங்கு உண்டு. நடைமுறையில் கேட்பவர்கள் மிகக் குறைவு. யாரிடம் எது இருக்கிறது என்ற பதிவே ஓவியர்களிடம் இருப்பதில்லை. ஹுசேனின் ஒரு படம் 2025-இல் நியூயார்க் ஏலத்தில் ஏறக்குறைய 118 கோடி ரூபாய்க்குப் போனது. அமெரிக்காவில் இந்த உரிமையே கிடையாது. இங்கே சட்டமாவது இருக்கிறது, அதைப் பயன்படுத்த ஆள் வேண்டும். அச்சுப் பிரதிகள் அந்தப் பிரிவில் பெயர் சொல்லி இல்லை, ஆனால் உன் கோட்டோவியங்களுக்கு அது பொருந்தும். இதுவரை விற்றவை எல்லாவற்றுக்கும் தேதி, விலை, வாங்கியவர், ஒரு போட்டோ என்று நோட்டில் எழுதி வை.

திட்டச் சுருக்கத்தை நீ தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்பினாலும் சரி. செலவுப் பட்டியலை நான் போட்டுத் தருகிறேன். தகடு, காகிதம், மை, ரயில் கட்டணம் என்று தனித்தனியாக விலை கேட்டு எழுது. மொத்தமாக ஒரு தொகையை எழுதாதே, படிப்பவருக்கு நம்பிக்கை வராது.

அன்புடன்,
அப்பா