படத்துல இருக்கிறது நிக்கோபார் புறா இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு சிறுவர் இணைப்புல 'நிக்கோபார் புறா'ன்னு போட்டு ஒரு படம் கொடுத்திருந்தீங்க. பால் மாதிரி வெள்ளை உடம்பு, இறக்கையில பாதியும் வால் நுனியும் கறுப்பு. அது பைட் இம்பீரியல் பிஜன் சார். அதுவும் அந்தமான் நிக்கோபார்ல இருக்கிற புறாதான், சைஸும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஆள் வேற. அப்பா வேலை பார்த்தது போர்ட் பிளேர்ல (இப்ப ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, எனக்கு வாயில வரமாட்டேங்குது), சின்ன வயசுல படகுல போறப்ப தீவுக்குத் தீவு இந்த வெள்ளைப் புறா பறந்து போறதைப் பார்த்திருக்கேன்.

நிக்கோபார் புறாவை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு ஜூ கூண்டுல. உடம்பு பச்சையும் செம்புமா, ஈர ரோட்டுல பெட்ரோல் சிந்தினா மினுங்குமே அப்படி மினுங்குச்சு, கழுத்துல சேவலுக்குத் தொங்குற மாதிரி நீள இறகு, வால் மட்டும் குட்டையா வெள்ளை வெளேர்னு. குஞ்சா இருக்கிறப்ப அந்த வாலும் கறுப்பாத்தான் இருக்குமாம். கோழி மாதிரி தரையைக் கிளறிக்கிட்டே இருந்துச்சு.

இன்னொரு தப்பு. ரெண்டுமே 'விதை பரப்பும் பறவைகள்'னு எழுதிட்டீங்க. வெள்ளைப் புறா ஓகே, அத்திப்பழம் ஜாதிக்காய் எல்லாம் முழுசா முழுங்கும், சதையை மட்டும் செரிச்சிட்டு கொட்டையை அப்படியே வெளிய தள்ளிடும், எங்கயோ போய் முளைக்கும். நிக்கோபார் புறா கதை நேர் எதிர். வீட்டுல கோழி வெட்டுறப்ப கிழிச்சு உள்ள இருக்கிற மண்ணைக் கழுவுவாங்களே அந்தப் பை இதுக்கு செம ஸ்ட்ராங், உள்ள கல்லு வேற கிடக்கும், கெட்டி விதையையே அரைச்சிடும், அப்புறம் எங்க முளைக்கிறது? அந்தக் கல்லை நகையில வெச்சுப் போடுறதுக்குன்னே இதைக் கொன்னிருக்காங்க.

சொந்தம்னு பார்த்தாலும் இதுதான் விசேஷம். மொரீஷியஸ்ல அழிஞ்சுபோன டோடோவுக்கு இன்னிக்கு உயிரோட இருக்கிறதுல ரொம்ப நெருங்கின சொந்தக்காரன் நிக்கோபார் புறாதான்னு 2002ல டிஎன்ஏ பார்த்துச் சொன்னாங்க. அதை ஒரு வரிகூட போடலையே நீங்க!

சரியான படத்தை இந்த வாரமே போட்டுடுங்க சார். என் பொண்ணு நீங்க போட்டதை வெட்டி ப்ராஜெக்ட் நோட்டுல ஃபெவிகால் போட்டு ஒட்டிட்டா, பிச்சா பேப்பரும் சேர்ந்து வருது, அடுத்த திங்கள் சப்மிட் பண்ணணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி