அந்த மீட்டரை இப்போதே வாங்காதே

அன்புள்ள முரளி,

நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு வாய் உலர்கிறது, அதற்கு நாக்கில் வைத்துப் பார்க்கும் ஈரப்பத மீட்டர் வாங்கப் போகிறாய் என்று சந்திரா சொன்னாள். கருவி என்றால் உனக்குக் கை நிற்காதே!

கொஞ்சம் பொறு. போன மாதம் எனக்கே அந்தச் சோதனை நடந்தது. ராத்திரி நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வரும். ஒரு கிளினிக்கில் மீட்டரை ஒரே ஒரு தடவை வைத்தார்கள். 29.8 காட்டியது. நார்மல், போகலாம் என்றார்கள். தண்ணீரில்லாமல் ஒரு வாய் விழுங்க முடியாதவனிடம்! காத்திருந்தபோது நான் தண்ணீர் குடித்தேனா என்றுகூடக் கேட்கவில்லை. குடித்திருந்தேன்.

இன்னோர் இடத்தில் மூன்று முறை வைத்தார்கள்: 28.1, 25.9, 26.3. அளவில் நடுவாக வரும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்வார்களாம், எனக்கு 26.3. அந்த வகை மீட்டரில் 27-க்குக் கீழே போனால் வறட்சி. ஒரே நாக்கு, சில நிமிடங்களுக்குள் இத்தனை வித்தியாசம். நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, சுமார் 200 கிராம் அழுத்தத்தில், சாயாமல் வைக்க வேண்டும். கை கொஞ்சம் அழுத்தினாலும், சென்சாருக்கடியில் எச்சில் தேங்கினாலும் எண் மாறிவிடும். வீட்டில் நீ வைத்தால் எப்படி இருக்கும்?

முக்கியமான விஷயம், அது எச்சில் சுரப்பை அளப்பதே இல்லை. நாக்கின் மேற்பரப்பில் ஓரிடத்து ஈரத்தை மின்சாரத்தால் கணிக்கிறது, அவ்வளவுதான். சுரப்பை அறிய, எதையும் மெல்லாமல் 15 நிமிடம் ஒரு கப்பில் எச்சிலை வடிய விட்டேன். 1.2 மில்லி, அதாவது நிமிடத்துக்கு 0.08. நிமிடத்துக்கு 0.1 மில்லியோ அதற்கும் குறைவோ என்றால் சுரப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தம். என் விஷயத்தில் அலர்ஜி மாத்திரைமேல் சந்தேகம். மாற்றிப் பார்க்கிறார்கள்.

முரளி, அம்மா உலர்கிறது என்றால் உலர்கிறதுதான். சுரப்பு சரியாக இருந்தும் சிலருக்கு அந்த உணர்வு இருக்கும், அதையும் பொருட்படுத்த வேண்டும். கண்ணும் உறுத்துகிறதா என்று கேள். நம் உடம்பே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஜோக்ரன் நோயில் இரண்டும் சேர்ந்து வரும், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. அவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதே.

ஞாயிறு மாலை கூப்பிடுகிறேன். அம்மாவின் மாத்திரை டப்பாவைப் பக்கத்தில் எடுத்து வை, ஒவ்வொரு பெயராகப் படித்துச் சொல்.

அன்புடன்,
ரகு